ஊளை வீசும் திசை

1966ஆம் ஆண்டு இலையுதிர் காலம் முழுவதும் வெஸ்கோட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஒருவனாலும் நேராக ஓட முடியவில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டை நோக்கிக் கிளம்புகிறவன், நாலு எட்டு வைப்பதற்குள் கயிற்றில் கட்டிய கிடா மாதிரி பக்கவாட்டில் இழுபட்டுப் போய், தன் பயிற்சியாளர் நிற்கும் பெஞ்சுக்கு முன்னால் மைதானத்தை விட்டு வெளியே விழுந்தான். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரிக்கு என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். வெஸ்கோட் அந்தப் பருவத்தில் முன்னேறிய தூரத்தை விடப் பக்கத்தில் போன தூரம் அதிகம். பந்தை எறிந்து பார்த்தார்கள். எறிந்த பந்து சரியாகத்தான் போனது, பிடிக்க ஓடியவன்தான் பெஞ்சுப் பக்கம் போய்விட்டான். கல்லூரித் தலைவர் ஹாலம் சிகாகோவிலிருந்து வந்தவர். அவர் வைத்தியரைக் கூப்பிட்டுப் பையன்களின் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கச் சொன்னார், சர்வேயரை வரவழைத்து மைதானத்துக்கு மட்டம் பார்க்கச் சொன்னார். காதுகள் சுத்தமாக இருந்தன. மைதானம் தட்டையாக இருந்தது. செவ்வாயும் புதனும் பயிற்சியில் அதே பையன்கள் கோடு கிழித்தது மாதிரி நேராக ஓடினார்கள். சனிக்கிழமை மதியம் ஊர் திரண்டு வந்து மேற்குப் பக்கத்து மரப்படிகளில் உட்கார்ந்த பிறகுதான் கோணிப்போனார்கள்.

காரணம் ஊளை. வெஸ்கோட்டில் ஊளைக்கு உடம்பு உண்டு. யாரைப் பார்த்து ஊளையிடுகிறார்களோ அவரை நோக்கி அது வீசும். கொடி அசையாது, காகிதம் பறக்காது, எதிரணியின் மேல் மயிரளவும் படாது; ஆனால் ஊளை வாங்குகிறவரைச் சேர்ந்த ஆட்கள் மைதானத்தில் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர்களையும் அள்ளிக்கொண்டு அவர் காலடியில் போடும். உள்ளூரில் எல்லோருக்கும் இது தெரியும். மழையில் நனைவதை யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள் அல்லவா, அது மாதிரி இதையும் யாரும் பேசியதில்லை. அப்படியென்றால் ஊளையிடாமல் இருக்கலாமே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். வெஸ்கோட்காரர்கள் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள்: நல்ல பயிற்சியாளர் என்றால் ஊளையே எழாது; எழுகிறது என்றால் அவன் சரியில்லை; சரியில்லாதவனுக்கு ஊளையிடாமல் வேறு என்ன செய்வது. இந்தக் கணக்கில் அந்த ஊர் அப்போதைய பயிற்சியாளர் எல்டன் ப்ரூயிட்டுக்கு முன்னால் வந்த பயிற்சியாளர்களை வரிசையாகத் துரத்தியிருந்தது. கடைசியாகப் போனவருக்குத் தலைமுடி ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு எந்தச் சீப்புக்கும் நிமிரவில்லை.

எல்டனின் மனைவி வெர்னாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் குடியிருக்கும் ஏழாவது ஊர் அது. தோற்கும் அணியின் பயிற்சியாளருக்கு ஓர் ஊரில் இரண்டு வருடம் கிடைக்கும், அதிகம் போனால் இரண்டரை. எந்த ஊர் போனாலும் அவள் வசந்தத்தில் கொல்லையில் ஒரு பாத்தி வெட்டி அஸ்பாரகஸ் செடியின் வேர்களை நட்டுவைப்பாள். நட்ட வருடமும் அதற்கடுத்த வருடமும் தண்டை ஒடிக்கக் கூடாது, வேர் பிடிக்க விட வேண்டும். மூன்றாவது வசந்தத்தில்தான் சமையலுக்கு எடுக்கலாம். இதுவரை அவள் ஒரு தண்டு ஒடித்ததில்லை. ஆறு ஊர்களில் அவள் நட்டதை முகம் தெரியாத ஆறு பெண்கள் வெண்ணெயில் வதக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். யாரிடமும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. குறை சொல்லாத பெண் என்பதுதான் அவளைப் பற்றி எல்லா ஊர்களிலும் சொல்லப்பட்ட ஒரே செய்தி. அதைச் சொன்னவர்களுக்கே அவள் பெயர் சரியாக நினைவில் இல்லை என்பதையும் அவள் அறிந்திருந்தாள்.

அந்த அக்டோபரில் ஒவ்வொரு தோல்விக்கு மறுநாளும் அவர்கள் வீட்டுப் புல்வெளியில் 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகைகள் நட்டிருந்தன. அந்தப் பக்கத்து ஊர்களில் தோற்ற பயிற்சியாளருக்குச் செய்யும் மரியாதை அது. முதல் வாரம் ஒன்று, பிறகு ஆறேழு, பிறகு வாசல்படிக்குப் போகவே பலகைகளை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எல்டன் அவற்றைப் பிடுங்கிக் குளிருக்கு அடுப்பில் வைத்தார். முடிவெட்டுகிறவர் அவரிடம், "என்ன கோச், ஒரு பக்கமா வெட்டி விட்ரவா? உங்க பசங்க ஓடுற தினுசுல?" என்று கேட்டுவிட்டு, கடையில் காத்திருந்தவர்கள் சிரித்து முடிக்கும் வரை கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மளிகைக் கடையில் வெர்னா மாவும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கடைக்காரர் பணிவாகக் குனிந்து கேட்டார்.

"மிஸஸ் ப்ரூயிட், பின்னாடி காலி அட்டைப்பெட்டி நெறைய கெடக்கு. எடுத்து வைக்கவா? பீங்கானெல்லாம் கட்டணும்ல."

"எங்கிட்ட பெட்டி இருக்கு" என்றாள் வெர்னா. அது உண்மைதான். ஆறு ஊர் சுற்றிய பெட்டிகள் நிலவறையில் மடித்து அடுக்கியிருந்தன. அவள் அவற்றை எறிந்ததே இல்லை.

கிரீன்லீஃப் கல்லூரியோடு ஆடிய சனிக்கிழமை அவள் வழக்கம் போல மேற்குப் படிகளில், ஊரின் நடுவில், கணவனின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரணிப் பக்கம் உட்காரக் கூடாது, வீட்டிலும் இருந்துவிடக் கூடாது என்பது பயிற்சியாளர் மனைவிகளின் எழுதாத விதி. சுற்றிலும் எல்டனைப் பற்றியும், எல்டனின் அம்மாவைப் பற்றியும், எல்டனை விட ஒரு வேலிக் கம்பம் எப்படி மேல் என்பதைப் பற்றியும் பேசினார்கள். அவள் கேட்கட்டும் என்று பேசவில்லை. அவள் அங்கே இருப்பது அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை, அதுதான் அவளை அதிகம் அறுத்தது. அவள் எழுந்து கையுறையைத் தேடிய நேரத்தில் டிராக்டர் வியாபாரி லெராய் டக்கெட்டின் மனைவி ஃபெய், அவள் இருக்கையில் ஒரு கோப்பைச் சூடான கோகோவைக் கவிழ்த்தாள்.

"அடடா, கை தவறிடுச்சு. பரவால்ல, நீங்க எப்படியும் ரொம்ப நாள் இங்க உக்காரப் போறதில்லையே."

வெர்னா படியிறங்கினாள். போவதற்கு இடமில்லாமல் வேலியோரமாக நடந்து, மைதானத்தின் வடகோடியில், கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருந்த வெற்றுப் புல்லில் போய் நின்றாள். டக்கெட் மேலே எழுந்து நின்று கையைக் குவித்துக் கத்தினார்: "ஏ, அங்க பாருங்கய்யா. பொண்டாட்டி மூட்ட கட்டிட்டா. யம்மா, பஸ்ஸு தெக்கால நிக்குது, வடக்க எங்க போற?" படிகள் முழுவதும் சிரிப்பு ஓடியது. சிரிப்பு முடிந்த இடத்தில் ஊளை தொடங்கியது. முதல் முறையாக அது எல்டனை விட்டுவிட்டு அவளைப் பார்த்து எழுந்தது. அந்த நொடியில் லெஸ்டர் வோக்ட் என்ற மெலிந்த ஓட்டக்காரன் பந்தை வாங்கியிருந்தான். அவன் பக்கவாட்டில் போகவில்லை. மூன்று கிரீன்லீஃப் ஆட்களின் நெஞ்சில் ஏறி, நடுவில் புகுந்து, வெறும் மைதானத்தில் கால் தரையில் பட்டும் படாமலும் நேராக வந்து, எல்லைக் கோட்டைத் தாண்டி வெர்னாவின் காலணிக்குப் பக்கத்தில் முகம் குப்புற விழுந்தான். தலைக்கவசத்தை நிமிர்த்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"மேடம், யாரோ பின்னாலேர்ந்து தள்ளுனாங்க" என்றான் புகார் சொல்கிற குரலில்.

அந்தப் பருவத்தில் வெஸ்கோட்டின் முதல் ஓட்டப் புள்ளி அதுதான். ஊர் திகைத்து ஊளையை நிறுத்தியதால் அன்றும் அவர்கள் தோற்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்டன் சன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு ஆட்டத்தின் படச்சுருளைச் சுவரில் ஓட்டிப் பார்த்தார். அந்த ஓட்டத்தை முன்னும் பின்னும் ஓட்டினார். லெஸ்டர் வெர்னாவின் காலடியிலிருந்து எழுந்து பின்புறமாக ஓடி நடுமைதானத்துக்குப் போனான், மறுபடி வந்து விழுந்தான். வெர்னா மடிப்பதற்கு எடுத்த துண்டோடு கதவருகில் நின்று பார்த்தாள். கறுப்பு வெள்ளையில், கம்பங்களுக்கு நடுவில், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணை அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அங்க எதுக்குப் போன?"

"உக்கார எடத்துல கோகோவ ஊத்திட்டாங்க."

எல்டன் மறுபடி சுருளைப் பின்னால் ஓட்டினார். "வர்ற சனிக்கிழம எங்க நிப்ப?"

"வர்ற சனிக்கிழம வீட்டுலயே இருந்துடலாம்னு பாக்குறேன்."

"வெர்னா" என்றார் அவர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆட்டக்காரனைப் பெஞ்சிலிருந்து எழுப்பும்போது கூப்பிடுகிற குரல். இருபது வருடத்தில் அந்தக் குரலில் அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. அவமானமாக இருந்தது அவளுக்கு. அதன் அடியில், சின்னதாக, வேண்டப்பட்டவளாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியாமல் துண்டை மடித்து முடித்தாள்.

பயிற்சியாளர் பெஞ்சை விட்டு நகர்வதற்குச் சட்டம் இடம் தராது. பயிற்சியாளரின் மனைவி எங்கே நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குளிர்காலம் முழுவதும் எல்டன் தன் ஆட்டத்தை அடியோடு பிரித்துப்போட்டார். எறிகிற ஆட்டங்கள் எல்லாவற்றையும் தள்ளினார். மூன்றே மூன்று ஓட்டங்கள் வைத்துக்கொண்டார்: நடுவில் நேராக, நடுவுக்குக் கொஞ்சம் இடமாக, கொஞ்சம் வலமாக. வரிசையில் முன்னால் குனிந்து நிற்கும் கனத்த பையன்களுக்கு, மோதாதே, சாய், மீதியை முதுகுக்குப் பின்னால் வருவது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தார். ஓட்டக்காரர்களைச் பீட்ரூட் சர்க்கரை ஆலைக்குப் பின்னால் ஆற்றங்கரைச் சரிவுக்குக் கூட்டிப்போய் மேலிருந்து கீழே ஓடவிட்டார். பின்னாலிருந்து தள்ளும்போது காலை எட்டி வைத்தால் மூக்கு உடையும். சின்னச் சின்ன எட்டாக, முட்டி மடங்கி, நெஞ்சு முன்னால் வர ஓட வேண்டும். வசந்தத்துக்குள் நிறைய மூக்குகள் உடைந்தன. பையன்களில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் உள்ளூர்ப் பையன்கள்.

67இல் வெர்னா ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தாள். வெஸ்கோட் எந்தக் கோடியை நோக்கி ஆடுகிறதோ அந்தக் கோடியில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டத்தின் நான்கு பாகங்களில் ஒவ்வொரு கால் பாகமும் முடிந்து அணிகள் திசை மாறும்போதெல்லாம் நாற்காலியை மடித்துத் தூக்கிக்கொண்டு மேற்குப் படிகளுக்கு முன்னாலேயே நடந்து அடுத்த கோடிக்குப் போனாள். அந்த நடை ஊருக்குத் தாங்கவில்லை. தலைநிமிர்ந்து போகிறாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊளை அவளோடு வடக்கே போனது, தெற்கே போனது, நடுவில் அகப்பட்ட பையன்களைக் கொத்தாகக் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் கொட்டியது. முதல் மூன்று ஆட்டங்களில் வெஸ்கோட் ஜெயித்தது. நான்காவதில் கோளாறு தெரிந்தது. ஜெயித்த ஊருக்குக் கோபம் வரவில்லை. யாரோ ஒருவர் அவளுக்குக் கையசைத்தார். ஊளை சாயங்காலக் காற்று மாதிரி தளர்ந்தது, லெஸ்டர் நின்ற இடத்திலேயே புதைந்தான்.

அதிலிருந்து வாரநாட்களின் வேலை வெர்னாவுடையதாயிற்று. சர்ச் விருந்தில் டக்கெட்டின் மனைவி செய்த உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு வாய் வைத்துவிட்டு, "சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா, இல்ல சோப்பையே போட்டீங்களா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த தட்டைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தாள். மளிகைக் கடையில் வரிசையில் நின்றுகொண்டு, டன்பார் எவ்வளவு அழகான ஊர், அங்கே தெருவில் எதிரே வருகிற முகங்களைப் பார்க்கச் சகிக்கிறது என்றாள். டன்பார் வெஸ்கோட்டின் பரம எதிரி. முதலில் வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். பிறகு தாழிடுவது நின்றது. ஏழு ஊர்களில் தொண்டைக்குள் போட்டு விழுங்கிய ஒவ்வொரு சொல்லும் அங்கேயே பழுதாகாமல் இருந்தது, இறுக்கி மூடிய பாட்டிலில் ஊறுகாய் மாதிரி. வெளியே எடுக்கும்போது அவளுக்கே நாவூறியது. இதைச் செய்வது கணவனுக்காக என்று சில நாள் சொல்லிக்கொண்டாள். காலையில் எழும்போதே இன்றைக்கு யார் என்று யோசிப்பதைக் கவனித்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். தெருவில் அவள் வந்தால் இப்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயரைச் சரியாகச் சொல்லித் திட்டினார்கள்.

எல்டன் ஆட்டம் முடிந்து வந்தால், "நல்ல எடம் பாத்து உக்காந்த" என்பார். அவ்வளவுதான்.

அந்த ஊரில் வெர்னாவை வெறுக்காத ஒருத்தி இருந்தாள். நூலகத்தில் வேலை பார்த்த மில்டா கோஸ்டல். கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஐம்பதைத் தாண்டியவள். மில்டா ஆட்டம் பார்க்க வருவதில்லை, ஆகவே யாரையும் வெறுக்க அவளுக்குக் காரணம் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் பின்வாசல் வழியாக வருவாள். தட்டில் நடுவே பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி இருக்கும். இருவரும் சமையலறை மேசையில் சீட்டாடுவார்கள்.

"நேத்து ஃபெய் டக்கெட்ட என்ன சொன்ன? நூலகத்துல வந்து ஒரு மணி நேரம் அழுதா."

"அவ தொப்பியப் பாத்தா அது மேல ஏதோ கோழி முட்ட போடுற மாதிரி இருக்குன்னேன்."

மில்டா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அது வாஸ்தவந்தான். ஆனா உனக்கு எதுக்குடி இந்த வேல?"

வெர்னா அடுத்த சீட்டை இறக்கினாள். மில்டாவிடம் மட்டும் அவளுக்குப் பொய்யாகப் பேச ஒன்றும் இருக்கவில்லை, உண்மையாகச் சொல்லவும் துணிவில்லை. மில்டாவின் தம்பி எமில் வெஸ்கோட்டுக்காக ஆடியவன். 1938இல் வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பிய பேருந்து ப்ளம் ஆற்றுப் பாலத்தை உடைத்துக்கொண்டு விழுந்தபோது பதிமூன்று பையன்களோடு அவனும் போனான். அதிலிருந்து வெஸ்கோட் மைதானத்தில் கடைசிக் கால் ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றிக் கல்லூரிப் பாட்டைப் பாடுவார்கள். எதிரணியும் எழுந்து நிற்கும். நடுவர்கள் நிற்பார்கள். அந்தப் பாட்டின்போது குழந்தைகள்கூட இருமாது. மில்டா மைதானத்துக்கு வருவது வருடத்தில் ஒருமுறை, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அந்தப் பாட்டுக்காக மட்டும். நின்று பாடிவிட்டுப் போய்விடுவாள்.

68ஆம் வருடம் நவம்பரில் டன்பாரோடு கடைசி ஆட்டம். தலைவர் ஹாலம் எல்டனைக் கூப்பிட்டு நாற்காலி கொடுக்காமலே பேசினார்.

"மத்தவங்கள ஜெயிச்சதெல்லாம் இருக்கட்டும். டன்பார ஜெயிச்சா இருங்க, ப்ரூயிட். இல்லேன்னா கிறிஸ்துமஸுக்கு முன்னால வேற ஆள் வந்துருவாரு."

கொல்லையில் நட்ட அஸ்பாரகஸுக்கு மூன்றாவது வசந்தம் வர ஐந்து மாதம் இருந்தது. எல்டன் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு நிலவறைக் கதவைப் பார்த்தார். வெர்னா மறுநாள் பகல் முழுவதும் ஊரில் அலைந்தாள். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். நடந்தது இதுதான்: யாரும் கோபப்படவில்லை. அணி தொடர்ந்து ஜெயித்திருந்தது. ஊர் இளகிப்போயிருந்தது. அவள் வசவுகளை இப்போது கைமாற்றிக் கைமாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். தன்னை என்ன சொன்னாள் என்று ஒருவருக்கொருவர் பெருமையாகக் கேட்டுக்கொண்டார்கள். மளிகைக் கடைக்காரர் அவள் திட்டி முடிக்கும் வரை ஆசையாகக் கேட்டுவிட்டு, ஒரு ஆப்பிளைக் கூடையில் சும்மா போட்டார். "வாய்தான் அப்படி. மனசு தங்கம்" என்று ஃபெய் டக்கெட் அவள் காது படவே சொன்னாள். வெர்னா ஏழு ஊர்களில் ஏங்கியது அந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான். கிடைத்த நேரத்தில் அது எல்டனின் வேலையைப் பறிக்க வந்தது.

ஆட்டத்தன்று அவள் நாற்காலியோடு படிகளுக்கு முன்னால் நடந்தபோது கைதட்டினார்கள். ஒரு சிறுமி ஓடிவந்து பூங்கொத்து கொடுத்தாள். வெஸ்கோட்டின் ஓட்டம் முதல் கால் பாகத்தில் எங்கும் போகவில்லை, இரண்டாவதிலும் போகவில்லை. பையன்கள் சாய்ந்து சாய்ந்து பார்த்தார்கள், முதுகுக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது காலின் முடிவில் டன்பார் முன்னால் இருந்தது. ஊர் அப்போதும் கோபப்படவில்லை. "பரவால்ல கோச், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று டக்கெட் அன்பாகக் கத்தினார். அடுத்த வருடம் கிடையாது என்று எல்டனுக்கும் வெர்னாவுக்கும் மட்டும் தெரியும்.

வாத்தியக்காரர்கள் எழுந்தார்கள். ஊர் எழுந்தது. டன்பார்க்காரர்களும் எழுந்தார்கள். தொப்பிகள் இறங்கின. வெர்னா வடகோடியில் உட்கார்ந்திருந்தாள். மேற்குப் படிகளின் முதல் வரிசையில் சாம்பல் நிறக் கோட்டுக்காரி ஒருத்தி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. எழுவதற்காக நாற்காலியின் கையைப் பிடித்தாள். அந்த நேரத்தில் அவள் மனதில் கணவன் இல்லை, ஆட்டம் இல்லை, ஆற்றில் போன பையன்கள்கூட இல்லை. நிலவறையில் மடித்து வைத்த அட்டைப்பெட்டிகளின் வாசனை இருந்தது. ஈரமும் பழைய செய்தித்தாளும் கலந்த வாசனை. இன்னொரு முறை அதற்குள் கோப்பைகளைச் சுற்றி வைக்க முடியாது என்று நினைத்தாள். கையை எடுத்தாள். தொப்பியைக் கழற்றாமல், பையைத் திறந்து, மெழுகுக் காகிதத்தைப் பிரித்து, முட்டை வைத்த ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

பாட்டு நடுவில் அறுந்தது. முப்பது வருடத்தில் அது அறுந்ததில்லை. முதலில் மௌனம் இருந்தது, அவள் மெல்லுகிற சத்தம் அவளுக்கே கேட்கிற அளவுக்கு. பிறகு வந்தது ஊளை. அதில் பழைய விளையாட்டு இல்லை, டக்கெட்டின் நையாண்டி இல்லை. ஆணும் பெண்ணும் கிழவர்களும் வயிற்றுக்கு அடியிலிருந்து எடுத்த குரல். டன்பார் பக்கத்துப் படிகளிலிருந்துகூட எழுந்தது. பந்து கைக்கு வந்ததும் வெஸ்கோட் வரிசை முழுவதும் தரையை விட்டுக் கிளம்பியது. எதிரணி ஆட்கள் கதவு திறந்தது மாதிரி இரண்டு பக்கமும் விழுந்தார்கள். அந்தக் கால் பாகத்தில் வெஸ்கோட் எத்தனை முறை எல்லையைத் தாண்டியது என்பதில் நடுவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கடைசி ஓட்டத்தில் லெஸ்டர் வோக்ட் எல்லைக் கோட்டில் நிற்கவில்லை. வெர்னாவின் தலைக்கு மேலாக, வேலிக்கு மேலாகப் போனான். பீட்ரூட் தோட்டத்தில் மூன்று மைலுக்கு அப்பால் பந்தோடு உட்கார்ந்திருந்தவனை ஒரு விவசாயி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். புள்ளி செல்லும் என்று தீர்ப்பானது.

அந்த ஊளைக்கு நடுவில் வெர்னா ஒரே ஒரு முகத்தைத் தேடினாள். மில்டா ஊளையிடவில்லை. கையை நெஞ்சிலிருந்து இறக்கினாள், பொத்தானைப் போட்டாள், யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை வெர்னா சீட்டுக்கட்டை மேசையில் வைத்துவிட்டு இருட்டும் வரை காத்திருந்தாள். அடுத்த செவ்வாயும் காத்திருந்தாள். ஒருநாள் நூலகத்துக்கே போனாள். மில்டா புத்தகத்தில் முத்திரை குத்தி நகர்த்தினாள், வேறு யாருக்கும் குத்துவது மாதிரி. "அடுத்தவங்க" என்றாள். வெர்னாவுக்கு ஏதோ சொல்லத் தோன்றியது. ஊர் முழுக்க வைவதற்கு ஓடிவந்த நாக்கு இதற்கு வரவில்லை. வசந்தம் வந்தது. அஸ்பாரகஸ் தண்டுகள் கட்டைவிரல் கனத்தில் எழுந்தன. ஒடித்து, வெண்ணெயில் வதக்கி, இருவரும் சாப்பிட்டார்கள். "நல்லாருக்கு" என்றார் எல்டன். நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர்கள் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. வெஸ்கோட்டின் ஓட்டம் மாநிலத்திலேயே பெயர் பெற்றது. தொலைதூரக் கல்லூரிகளிலிருந்து பயிற்சியாளர்கள் வந்து படமெடுத்துப் போய் அந்த மூன்று ஓட்டங்களைத் தங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஊர்களில் எதுவும் நடக்கவில்லை. புல்வெளியில் பலகை நடுவது வாரக் கடமையாகி, பிறகு திருவிழாவாகியது. புதுமணத் தம்பதிகள் சர்ச்சிலிருந்து நேரே வந்து ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். ஊளையிடும் வயது வந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் வேலியோரம் தூக்கிக் காட்டி, அதோ அவள்தான், பாட்டின்போது ரொட்டி தின்றவள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் குழந்தையாவது அவளைப் பார்த்துச் சிரித்தால் தொடையில் கிள்ளினார்கள். வெர்னா பதிலுக்குத் தன் பங்கைக் குறைவில்லாமல் செய்தாள். கடைக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வசவு வைத்திருந்தாள். எல்டன் 83இல் நெஞ்சடைத்து இறந்தபோது, அடுத்து வந்த பயிற்சியாளர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றார். அவர் கேட்பதற்குள், "சனிக்கிழம எத்தன மணிக்கு?" என்றாள் வெர்னா. அவளுக்கும் போக வேறு ஊர் இல்லை.

இருபத்தொரு வருடத்தில் மில்டா அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் பார்வை அவளை ஊடுருவிப் பின்னால் உள்ள சுவரில் போய் நின்றது. ஊரின் வெறுப்பு முழுவதும் வெர்னாவுக்குப் போர்வை மாதிரி பழகியிருந்தது. இந்த ஒருத்தியிடமிருந்து ஒன்றும் வராத இடத்தில் மட்டும் வருடம் முழுவதும் குளிரடித்தது.

89இல், எந்த முக்கியமும் இல்லாத ஓர் அக்டோபர் ஆட்டத்தில், மில்டா மேற்குப் படிகளுக்கு வந்தாள். எழுபதைத் தாண்டியிருந்தாள், கைத்தடி ஊன்றியிருந்தாள். ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். திசை மாறும் நேரம் வந்தது. வெர்னா நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, மூட்டுவலியோடு, படிகளுக்கு முன்னால் நடந்து வந்தாள். சாம்பல் நிறக் கோட்டைப் பார்த்ததும் நடை தடுமாறியது. மில்டா கைத்தடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தாள். எழுந்தாள். அவளை நேராக, கண்ணுக்குள் பார்த்தாள். வாயைத் திறந்து ஊளையிட்டாள். கிழட்டு மெல்லிய குரல், இரண்டு மூச்சுக்கு மேல் தாங்காத குரல். மற்றவர்கள் மரியாதைக்காகச் சற்று நிறுத்திக் கொண்டதால் அது மட்டும் தனியாகக் கேட்டது.

வெர்னா அதை முழுவதும் நின்று வாங்கிக்கொண்டாள். அது ஓய்வதற்குள், இதுவரை ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தாள்: தொப்பியைக் கழற்றினாள். தலைமுடி நெற்றியிலிருந்து பின்னால் பறந்தது. மில்டா மூச்சு வாங்க உட்கார்ந்து கைத்தடியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். வெர்னா தென்கோடிக்குப் போய் நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். அந்தக் கால் பாகத்தில் வெஸ்கோட் ஒவ்வொரு முறையும் நேராக ஓடியது. திங்கட்கிழமைப் பத்திரிகை, முன் வரிசைப் பையன்கள் நன்றாகச் சாய்ந்தார்கள் என்று எழுதியது.